தலைகீழ் வேங்கை

"கழுத்தைக் கொஞ்சம் சாய்ச்சுப் பாருய்யா," என்றார் முதலாளி.

டிசைனர் கழுத்தைச் சாய்த்தார்.

"இன்னும்."

காது போய் தோளைத் தொட்டது.

"இப்பப் படிக்க முடியுதா?"

"இல்லைங்க."

"முடியாது. காலையில இருந்து நானும் பார்க்கிறேன். இதைப் படிக்கணும்னா ஒண்ணு நான் தலைகீழா நிக்கணும், இல்லைன்னா இதை வரைஞ்சவனைத் தலைகீழாக் கட்டித் தொங்கவிடணும். உனக்கு எது தோதுப்படும்?"

முதலாளியின் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் ஒரு கம்ப்யூட்டர் கேபினெட் நின்றது. ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. உள்ளே என்ன இருக்கிறது என்று வருகிறவர்கள் பார்க்க வேண்டும் என்பதற்காகவே போன மாதம் ஆசையாக வாங்கியது. அதற்குள்ளே, மேல் மூலையில், கம்பெனியின் புதிய சரக்கு: கம்ப்யூட்டருக்குக் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் பவர் சப்ளை. இரண்டு செங்கலைச் சேர்த்துக் கட்டியது போன்ற கறுப்பு இரும்புப் பெட்டி. அதன் பக்கவாட்டில் வெள்ளி எழுத்தில் 'வேங்கை' என்ற பெயரும், அதன்மேல் பாய்ந்து வரும் ஒரு வேங்கையும்.

வரைந்தபோது அது பாய்ந்தது. இப்போது கண்ணாடி வழியாகப் பார்த்தால், வயிற்றைச் சொறிந்துவிடச் சொல்லி மல்லாந்து கிடக்கும் பூனையாக இருந்தது.

டிசைனருக்கு அந்த ஆபீஸில் பெயர் 'ஸ்டிக்கர்'. நாற்பத்து நான்கு வயது, பதினெட்டு வருஷ அனுபவம். பெட்டி, உறை, லேபிள் இவற்றைத் தவிர வேறெதையும் அறியாதவர். இதற்கு முன் வேலை பார்த்த மூன்று கம்பெனிகளும் இழுத்து மூடப்பட்டவை. மூன்றுக்கும் கடைசி அட்டைப்பெட்டியை வரைந்து கொடுத்தவர் இவர்தான் என்பது தற்செயல். மனைவியின் அண்ணன் மட்டும் அதைத் தற்செயல் என்று இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

இந்தக் கம்பெனியில் ஆறு மாதம் பார்த்துவிட்டு நிரந்தரம் செய்வதாகப் பேச்சு. ஆறாவது மாதம் இந்த வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. அன்றுதான் 'எடைக்கல்' வருகிறார்.

எடைக்கல் என்பது பெரிய மொத்த வியாபாரி ஒருவருக்கு ஊரே வைத்த பெயர். எந்தச் சரக்கையும் கையில் தூக்கிப் பார்த்தே தரம் சொல்லிவிடுவார். உள்ளே என்ன இருக்கிறது, எத்தனை வாட், எத்தனை வருஷ வாரண்டி என்றெல்லாம் கேட்கமாட்டார். தூக்குவார், கண்ணை மூடுவார், உதட்டைப் பிதுக்குவார். பிதுங்கிய உதடு உள்ளே போனால் ஆர்டர். அவருக்காகவே வேங்கையின் வெளித்தகட்டை இரட்டைக் கனத்தில் போடச் சொல்லியிருந்தார் முதலாளி. கோடவுனில் இரண்டாயிரம் வேங்கைகள் பெட்டிக்குள் தயாராக இருந்தன. இரண்டாயிரத்திலும் ஸ்டிக்கர் ஒட்டியாகிவிட்டது.

"இது ஒண்ணை மட்டும் வேணா திருப்பி ஒட்டிடலாங்களா?" என்றார் ஸ்டிக்கர்.

"அவர் ஒண்ணை மட்டும் வாங்க வரலைய்யா. வாங்கிட்டுப் போய் மாட்டினா எல்லாம் மல்லாந்து கிடக்கும். அப்புறம் அவர் முகத்தில நான் எப்படி முழிக்கிறது? இரண்டாயிரத்தையும் நேராக்கு."

அந்த நேரத்தில் டீ அம்மா தட்டோடு உள்ளே வந்தார். ஆபீஸைப் பெருக்குவதும் டீ கொண்டுவருவதும் அவர்தான். மேஜை முழுக்கச் சாம்பிள் பெட்டிகள். அதனால் தட்டைக் கேபினெட்டின் தலையில் வைத்தார். அங்கே நாலு மூலையிலும் நாலு ரப்பர் குமிழ்கள். தட்டு அவற்றின்மேல் அளவெடுத்துச் செய்ததுபோல உட்கார்ந்தது.

"தட்டு ஆடாம நிக்குதுங்களா ஐயா?"

"நிக்குது, நிக்குது. நீ போம்மா." முதலாளி ஒரு வாய் குடித்துவிட்டு ஸ்டிக்கர் பக்கம் திரும்பினார். "பார்த்தியா? டிசைன்னா இது. மனுஷனுக்கு டீ வைக்க இடம் வேணும்னு யோசிச்சிருக்கான் பாரு. இந்த ஸ்விட்ச்சைப் பாரு, கீழ வச்சிருக்கான். குனிய வேண்டாம், நிமிர வேண்டாம், உட்கார்ந்த இடத்தில கால் கட்டைவிரலால ஒரு தட்டு." செருப்பைக் கழற்றிவிட்டுத் தட்டியும் காட்டினார். கம்ப்யூட்டர் உயிர் பெற்றது. "அவனும் சோறுதான் திங்கிறான், நீயும் சோறுதான் திங்கிறே."

ஸ்டிக்கர் செல்போனை எடுத்து, தலைகீழ் வேங்கையைப் படம் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். டிசைனர் புத்தி, படத்தில் தேவையில்லாததையெல்லாம் நடந்துகொண்டே வெட்டித் தள்ளினார். கடைசியில் பவர் சப்ளையும் அதைச் சுற்றி இரண்டு விரல் இடமும் மட்டும் மிஞ்சின.

*

இன்ஜினியர் டெஸ்டிங் ரூமை விட்டு வெளியே வராதவர். உலகத்தில் உள்ள எல்லாக் கஷ்டத்துக்கும் சூடுதான் காரணம் என்பது அவருடைய முடிவு. அதனால் அவர் பெயரே 'சூடு'.

படத்தைப் பார்த்தவுடன், "ஓ, சப்ளை மேல இருக்கிற கேபினெட்டா? அதுல அப்படித்தான் சார் தெரியும். நாம போட்டது கீழ இருக்கிறதுக்கு. இப்ப வர்றதெல்லாம் கீழதானே," என்றார்.

"முதலாளி வாங்கினதும் புதுசுதான்னாரே."

"புதுசுன்னு சொல்லி வித்திருப்பான்."

"ரெண்டுக்கும் பொதுவா ஏதாவது பண்ண முடியுமா?"

"மேலேயும் கீழேயும் ஒவ்வொரு தடவை ஒட்டிடுங்க. எப்படிப் பார்த்தாலும் ஒண்ணு நேரா இருக்கும்."

அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. முதலாளியிடம் போய்ச் சொன்னார். வேங்கை மேலே ஒன்று, கீழே தலைகீழாக ஒன்று என்று காகிதத்தில் வரைந்தும் காட்டினார்.

முதலாளி காகிதத்தைத் திருப்பினார். மறுபடி திருப்பினார். "என்னய்யா இது, சீட்டுக்கட்டு ராஜா மாதிரி? நான் கம்பெனி நடத்துறேனா, கிளப் நடத்துறேனா? ஒரே வேங்கை. நேரா நிக்கணும். என் கண்ணாடியில நேரா நிக்கணும்."

*

செவ்வாய்க்கிழமை காலை பழைய ஸ்டிக்கரை உரிக்கும் வேலை தொடங்கியது. பேக்கிங் செக்‌ஷனுக்குத் தலைவி பேக்கிங் அக்கா. அவருக்குக் கீழே நாலு பெண்கள். ஐந்து பேருக்கும் நகம் நல்ல நகம்.

பத்தாவது நிமிஷம் பேக்கிங் அக்கா கூப்பிட்டார். "சார், இங்க கொஞ்சம் வாங்க. தோலோட வருது."

வந்தது. ஸ்டிக்கரை இழுத்தால் கறுப்புப் பெயின்ட்டும் கூடவே எழுந்து வந்தது. அடியில் வெள்ளை இரும்பு பல்லை இளித்தது.

"எல்லாத்துலயுமா?"

"இல்லை சார், நீங்க நல்ல மனசோட பார்த்தா ஒண்ணு ரெண்டுல வராது."

ஸ்டிக்கர் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். பிறகு எழுந்தார். அவருடைய பதினெட்டு வருஷ அனுபவம் சொல்லிக் கொடுத்த ஒரே வித்தை அவருக்கு நினைவு வந்தது: ஒரு ஸ்டிக்கர் தப்பாகப் போனால் அதைவிடப் பெரிய ஸ்டிக்கர் ஒட்டு.

அச்சகத்துக்கு ஓடினார். இரண்டு மடங்கு அளவில் புது வேங்கை, தலையைக் காலாக மாற்றி, அன்று மாலைக்குள் வந்தது. முதல் வேலையாக முதலாளியின் ரூமுக்குப் போய், கண்ணாடியைக் கழற்றி, மண்டி போட்டு, உள்ளே தலையை விட்டு, பழையதன்மேல் புதியதை ஒட்டினார். முதலாளி டீத் தட்டை ஆடாமல் பிடித்துக்கொண்டார்.

"ஆஹா," என்றார். "இப்ப பாயுதுய்யா!"

அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது ஸ்டிக்கர் சீட்டியடித்துக்கொண்டே போனார். மனைவி கதவைத் திறந்தவுடன், "எங்க அண்ணன் போன் பண்ணினாரு," என்றார்.

சீட்டி நின்றது.

"என்னவாம்?"

"ஒண்ணுமில்லை. வெள்ளிக்கிழமையோட ஆறு மாசம் ஆச்சுல்லன்னு கேட்டாரு. கடை மாடியில ரூம் சும்மாத்தான் கிடக்குதாம்."

மச்சானுக்குப் பக்கத்து ஊரில் பிளாஸ்டிக் வாளிக் கடை. வாளி, குடம், முறம், குப்பைக்கூடை. கடைக்குமேல் ஒரு ரூம், ரூமுக்குமேல் ஒழுகும் தண்ணீர்த் தொட்டி. 'மாப்பிள்ளை படம் வரையிறவர். நம்ம கடையில வாளிக்கெல்லாம் ஸ்டிக்கர் ஒட்ட ஆள் இல்லாமத் திண்டாடுறோம்' என்று போகிற கல்யாணத்தில் எல்லாம் சொல்லிவைத்திருக்கிறார்.

"இந்தத் தடவை நிரந்தரம்தான்," என்றார் ஸ்டிக்கர்.

"போன தடவையும் அதைத்தான் சொன்னீங்க."

"போன தடவை பிஸ்கட். இது இரும்பு."

*

புதன்கிழமை டெஸ்டிங் ரூமை விட்டு வராத சூடு, டெஸ்டிங் ரூமை விட்டு வந்தார். கையில் பெரிய ஸ்டிக்கர் ஒட்டிய ஒரு வேங்கை. அதிலிருந்து வாடை வந்துகொண்டிருந்தது.

"சார், உங்களுக்கு மூக்கு இருக்கா?"

"இருக்கே."

"அதை ரெண்டு விரலால மூடிக்கிட்டு மாடிப்படி ஏறி இறங்குங்க பார்ப்போம். இந்தப் பக்கத்தில மூணு வரிசை ஓட்டை எதுக்கு இருக்குன்னு நினைச்சீங்க, அழகுக்கா? அது காத்துப் போற வழி. அதுமேல கொண்டுபோய் இவ்வளவு பெரிய வேங்கையைப் படுக்க வச்சிருக்கீங்க. அரை மணி நேரத்தில வெந்துபோச்சு."

"எது?"

"எல்லாமும்."

இரண்டாயிரத்தில் ஆயிரத்து இருநூறு அதற்குள் ஒட்டியாகிவிட்டது. உரித்தால் தோலோடு வரும். உரிக்காவிட்டால் வேகும். பேக்கிங் அக்காதான் வழி சொன்னார். சாக்கு தைக்கிற கோணி ஊசி கொண்டுவந்து, அடியில் ஓட்டை இருக்கும் இடத்தையெல்லாம் தடவிப் பார்த்து, மேலே ஸ்டிக்கரில் குத்தினார்கள். ஒரு வேங்கைக்கு நாற்பத்தெட்டுக் குத்து. மதியத்துக்குள் ஐந்து பெண்களும் கையை உதறத் தொடங்கினார்கள்; அவர்கள் யாரையோ மனசுக்குள் நினைத்துக்கொண்டுதான் குத்துகிறார்கள் என்பது ஸ்டிக்கருக்கு நன்றாகவே தெரிந்தது.

முடிந்ததில் ஒன்றை எடுத்துக்கொண்டு முதலாளியிடம் போனார்.

முதலாளி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "வேங்கைக்கு எதுக்குய்யா புள்ளி?"

"காத்து வர்றதுக்குங்க."

"வரிதானே வேங்கைக்கு? புள்ளி இருந்தா அது சிறுத்தை. வேங்கைன்னு பேர் எழுதி சிறுத்தையை ஒட்டினா, எடைக்கல் என்ன சொல்வாரு? 'பேருக்கும் சரக்குக்கும் சம்பந்தம் இல்லை'ம்பாரு. ஒரு வியாபாரி வாயில வரக் கூடாத வார்த்தைய்யா அது."

ஸ்டிக்கர் மறுபடி அச்சகத்துக்கு ஓடினார். புள்ளி விழும் இடங்களையெல்லாம் மறைக்கிற மாதிரி கறுப்பு வரிகளைத் தடிமனாக்கி, மேலே ஒட்டிக் குத்த இன்னொரு ஸ்டிக்கர்; கறுப்பில் குத்தினால் ஓட்டை தெரியாது. நாற்பத்தெட்டு ஓட்டையை மறைக்க எத்தனை வரி வேண்டும் என்று போட்டுப் பார்த்தால், வேங்கையின் உடம்பில் மஞ்சள் மிஞ்சவில்லை. அச்சாகி வந்தபோது அது கறுகறுவென்று, கழுத்தில்லாமல், நாலு காலில் எங்கேயோ போய்க்கொண்டிருந்தது.

பேக்கிங் அக்கா ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்தார். "கரடி நல்லா இருக்கு சார்."

முதலாளி அதைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். "சரி," என்றார் கடைசியில். "கரடியா இருந்தாலும் நேரா நிக்குதே, அது போதும். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ரெண்டு நாள்தான் இருக்கு. இனிமே எதையும் நல்லதாக்காதே."

*

ஆனால் பெட்டி இருந்தது.

வேங்கையின் அட்டைப்பெட்டிதான் ஸ்டிக்கர் தன் வாழ்நாளில் செய்த நல்ல காரியம் என்று அவரே நம்பினார். முன்பக்கம் ஒரு ஜன்னல் வெட்டி, கண்ணாடித்தாள் ஒட்டியிருந்தார். வாங்க வருகிறவர் பெட்டியைத் திறக்காமலே ஜன்னல் வழியாகச் சரக்கின் வேங்கையைப் பார்த்துக்கொள்ளலாம். பெட்டி இரைச்சலாக இருக்கக் கூடாது என்று மற்ற இடமெல்லாம் ஒரே கறுப்பு, ஒரே ஒரு ஆரஞ்சுக் கோடு. அந்தக் கோட்டுக்காக மூன்று ராத்திரி தூங்காமல் இருந்தவர்.

வியாழக்கிழமை காலை, திருத்தப்பட்ட சரக்கை பேக்கிங் அக்கா பெட்டிக்குள் இறக்கிவிட்டு, ஜன்னலைப் பார்த்தார். பிறகு டிசைனரைப் பார்த்தார். அவர் பார்வையில் இரக்கம் இருந்தது. அதுதான் ஸ்டிக்கரை உலுக்கிவிட்டது.

ஜன்னலுக்குள் கரடி தலைகீழாக நின்றது.

"சரக்கைத் திருப்பிப் படுக்க வைங்க."

"படுக்காது சார். தெர்மகோல்ல ஒயர் உட்காருற பள்ளம் இந்தப் பக்கம்தான் வெட்டியிருக்கு. திருப்பினா மூடி மூடாது."

"அப்ப பெட்டியைத் திருப்புங்க."

"பெட்டியில எழுத்து இருக்கே."

ஸ்டிக்கரின் கால்கள் தாமாகவே அச்சகத்துப் பக்கம் நடந்தன. அச்சகத்துக்காரர் இப்போதெல்லாம் அவரைப் பார்த்தவுடன் நாற்காலி போட்டுவிட்டுத்தான் பேசுவார். மாலைக்குள் புதிய மேலுறை வந்தது. பெட்டியைக் கவிழ்த்து, அதன்மேல் எழுத்து நேராக வரும்படி உறையைப் போர்த்தினார்கள். ஜன்னலில் கரடி நேராக நின்றது. பெயர் நேராக நின்றது. ஆரஞ்சுக் கோடுகூட நேராக இருந்தது.

"சார்," என்றார் பேக்கிங் அக்கா. "இப்ப பெட்டியோட வாய் கீழ போயிருச்சே?"

"டேப் போட்டு ஒட்டிடுங்க."

"டேப்பா?" பின்னால் நின்ற முதலாளிக்குக் கோபம் வந்துவிட்டது. "டேப் ஒட்டின பெட்டியை எடைக்கல் தொடவே மாட்டாரு. 'எவனோ வாங்கித் திருப்பிக் குடுத்த சரக்கு'ம்பாரு. மூடியை மடிச்சுச் சொருகி விடு. போதும்."

அன்று வீட்டில் ஸ்டிக்கர் சோற்றைப் பிசைந்தபடி உட்கார்ந்திருந்தார். நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் மனைவியிடம் சொன்னார். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"திங்கக்கிழமையில இருந்து நீங்க ஒண்ணுமே பண்ணாம சும்மா உட்கார்ந்திருந்தா என்ன ஆகியிருக்கும்?"

"வேலை போயிருக்கும்."

"இப்ப?"

மனைவி அவர் தட்டில் இன்னும் ஒரு கரண்டி சோறு வைத்தார். "சாப்பிடுங்க. அங்கே போனா எங்க அண்ணி சமையல்."

*

எடைக்கல் எந்தக் கம்பெனிக்குப் போனாலும் ஆபீஸ் ரூமுக்குள் நுழைய மாட்டார். நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்தால் வாய் தளர்ந்து பேரம் படியாது என்பது அவர் அனுபவம். வெள்ளிக்கிழமையும் காரை விட்டு இறங்கியவர் நேராகக் கோடவுனுக்குள்தான் வந்தார். பின்னால் அவருடைய டிரைவர், கண்ணாடி வைத்த ஒரு கேபினெட்டைச் சுமந்துகொண்டு வந்தார். எந்தப் பவர் சப்ளையையும் தன் கடையில் ஓடுகிற கேபினெட்டில் மாட்டிப் பார்த்தால்தான் எடைக்கல்லுக்குத் திருப்தி.

முதலாளி கும்பிட்டார். ஸ்டிக்கர் கும்பிட்டார். சூடுகூட வெளியே வந்து நின்றார்.

எடைக்கல் அலமாரியில் இருந்து ஒரு பெட்டியை எடுத்தார். தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "பெட்டி லட்சணமா இருக்கே. யாரு பண்ணினது?"

முதலாளி ஸ்டிக்கரைக் காட்டினார். ஆறு மாதத்தில் முதல் தடவையாக ஸ்டிக்கரின் முதுகு நிமிர்ந்தது.

"ஜன்னலெல்லாம் வச்சு... உள்ள என்ன, கரடியா? நல்லா இருக்கு, நல்லா இருக்கு." எடைக்கல் பெட்டியை இரண்டு கையாலும் நெஞ்சுக்கு நேராகத் தூக்கினார். கண்ணை மூடினார். உதட்டைப் பிதுக்கினார். மூன்று பேரும் அந்த உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பெட்டியின் வாய் திறந்தது.

இரட்டைத் தகடு போட்ட வேங்கை, தெர்மகோலை விட்டு வழுக்கி, வழியில் எதையும் தொடாமல், நேராக எடைக்கல்லின் வலது கால் கட்டைவிரலில் போய் இறங்கியது.

எடைக்கல் கத்தவில்லை. வெறும் பெட்டியைப் பிடித்தபடி நின்றார். முகம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகச் சிவந்து, நெற்றியில் வேர்வை அரும்பியது. பிறகு மெதுவாக மூச்சை விட்டார்.

"கனம் இருக்கு," என்றார்.

பேக்கிங் அக்கா தண்ணீர் கொண்டுவந்தார். ஸ்டூல் போட்டுக் காலைத் தூக்கி வைத்தார்கள். முதலாளி விசிறினார். ஆனால் எடைக்கல் பழைய வியாபாரி. அடிபட்டதற்குச் சலுகை கேட்கலாமே என்ற யோசனையில் வலி பாதி குறைந்துவிட்டது. "பெட்டியை விடுங்க. மாட்டிக் காட்டுங்க. எப்படித் தெரியுதுன்னு பார்ப்போம்."

சூடு ஐந்து நிமிஷத்தில் வேங்கையை அந்தக் கேபினெட்டின் அடி மூலையில் வைத்துத் திருகி, கண்ணாடியை மூடினார்.

எல்லாரும் குனிந்தார்கள். எல்லாருடைய கழுத்தும் ஒரே பக்கம் சாய்ந்தது.

கரடி தலைகீழாக நின்றது.

"ஏங்க," என்றார் எடைக்கல் நிதானமாக. "இது செத்த கரடியா?"

ஸ்டிக்கர் முன்னால் வந்தார். "இல்லைங்க... இது சப்ளை கீழ இருக்கிற கேபினெட். எங்க சரக்கு மேல இருக்கிற கேபினெட்டுக்குங்க."

"மேல இருக்கிறது பத்து வருஷம் முன்னாடியே போயாச்சே. இப்ப யாரு விக்கிறா அதை?"

"ஏன், நீங்கதானே வித்தீங்க!" என்று முதலாளி கிடைத்த கொம்பைப் பிடித்தார். "போன மாசம் உங்க கடையில வாங்கினதுதான், என் ரூம்ல நிக்குது. அதுல சப்ளை மேலதான் இருக்கு. வந்து பாருங்க, வேங்கை ஜம்முன்னு நேரா நிக்கும்."

"என் கடையிலயா? என் கடையில இருக்கிறது ஒரே மாடல். இதோ, இதுதான்." எடைக்கல் முகம் மாறியது. "இத்தனை வருஷ வியாபாரத்தில என் சரக்கை என்கிட்டயே மாத்திச் சொன்னவங்க யாருமில்லை. பரவாயில்லை, இந்த இரண்டாயிரத்தையும் நீங்களே வச்சு அழகு பாருங்க. டிரைவர், அந்தக் கேபினெட்டை எடு."

"ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம் என் ரூமுக்கு வந்து பார்த்துட்டுப் போயிடுங்க," என்று முதலாளி கெஞ்சினார். தன் சரக்கைப் பற்றிய பேச்சு என்பதால் எடைக்கல் வழக்கத்தை மீறி, நொண்டிக்கொண்டே ரூம் பக்கம் நடக்கத் தொடங்கினார், டிரைவர் கேபினெட்டைத் தூக்கிக்கொண்டு கூடவே போனார். முதலாளி பின்னால் திரும்பி ஸ்டிக்கரிடம் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "உன் மேஜையில உன்னோடது என்னென்ன இருக்கோ எல்லாத்தையும் எடுத்துக்கோ. ஸ்கேல் கம்பெனியோடது, அதை வச்சிட்டுப் போ."

ஸ்டிக்கரின் சட்டைப்பையில் செல்போன் அடித்தது. மச்சான்.

"மாப்பிள்ளை! என்ன, ஆறு மாசம் ஆச்சா?"

"ஆச்சுங்க மச்சான்."

"நிரந்தரமா?"

ஸ்டிக்கர் எதிரே நடந்துபோகிற மூன்று முதுகுகளையும் பார்த்தார். "மாடி ரூம் இன்னும் சும்மாத்தான் இருக்குங்களா?"

மறுபக்கத்தில் மகிழ்ச்சி பொங்கி வழிந்தது. "அட, ரூம் என்ன ரூம், நேத்தே கழுவி விட்டாச்சு! வாங்க, வாங்க. நாலு லாரி வாளி வந்து இறங்கியிருக்கு மாப்பிள்ளை, எல்லாம் ஒட்டாம அப்படியே மொட்டையா நிக்குது. ஞாயித்துக்கிழமை வண்டி அனுப்பட்டா?"

"அனுப்புங்க," என்றார் ஸ்டிக்கர். அந்தச் சொல் வாயை விட்டுப் போனதும் பதினெட்டு வருஷமும் அதன் பின்னாலேயே போய்விட்டது.

கடைசியாக ஒருமுறை அந்தக் கண்ணாடியைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று அவரும் முதலாளியின் ரூமுக்குள் நுழைந்தார். பெரிய ஸ்டிக்கராக ஒட்டிய அவருடைய முதல் வேங்கை, ஓட்டை விழாத, கரடியாகாத அந்த ஒரே வேங்கை, கேபினெட்டின் மேல் மூலையில் ஜம்மென்று பாய்ந்துகொண்டிருந்தது.

"பாருங்க!" என்றார் முதலாளி. "மேலதானே இருக்கு? நேராத்தானே இருக்கு?"

டிரைவர் சுமந்துவந்த கேபினெட்டை அதன் பக்கத்திலேயே இறக்கினார். எடைக்கல் அதைப் பார்த்தார், இதைப் பார்த்தார். அதே நிறம், அதே கண்ணாடி, அதே உயரம். புருவத்தைச் சுருக்கிக்கொண்டு, வலிக்கிற காலை மறந்து, ஒரு அடி முன்னால் வந்தார்.

சரியாக அப்போது டீ அம்மா இரண்டு தட்டுகளோடு உள்ளே வந்தார். ஆட்கள் அதிகம் என்பதால் டீயும் அதிகம். ஒரு தட்டைப் பழையபடி முதலாளியின் கேபினெட்மேல் நாலு குமிழிலும் பொருத்தி வைத்தார். இரண்டாவது தட்டை வைக்கப் புதிதாக வந்த கேபினெட்டின் தலையைத் தடவிப் பார்த்தார். அங்கே சல்லடைதான் இருந்தது, குமிழைக் காணோம். குனிந்து அடியில் பார்த்தார். நாலும் அங்கே இருந்தன. நிம்மதியாக நிமிர்ந்து முதலாளியைக் கேட்டார்:

"ஐயா, போன மாசம் உங்களோடதைக் கவுத்து வச்ச மாதிரி இதையும் கவுத்து வச்சிரட்டுங்களா, கால் நாலும் மேல இருந்தாத்தானே தட்டு ஆடாம நிக்குது?"